நுண்ணலைச் சில்லும் சிங்கப்பெருமாள் கோவில் சாலையும்: தென்சென்னையில் கம்பியில்லாத் தொடர்பின் முப்பது ஆண்டுகள்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் ஆகியவற்றைக் கடந்தால் சிங்கப்பெருமாள் கோவில் வருகிறது. பாடலாத்ரி நரசிம்மர் குடைவரைக் கோவிலால் பெயர் பெற்ற ஊர் இது. இங்கிருந்து மேற்கே பிரியும் சாலை ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் சென்று சேர்கிறது. கடந்த இருபது ஆண்டுகளில் அந்தச் சாலையின் தன்மையே மாறிவிட்டது. ஏரிப் பாசன வயல்களுக்கு நடுவே சிப்காட் வளாகங்கள் எழுந்தன. கார்கள், கைப்பேசிகள், கைப்பேசிக் கோபுரங்களில் பொருத்தும் கருவிகள் ஆகியவற்றை ஏற்றிய சரக்குப் பெட்டக லாரிகள் ஓடத் தொடங்கின.

இதே வட்டாரத்தின் வடக்கு முனையில், கிண்டியிலும் தரமணியிலும், அத்தகைய கருவிகளை வடிவமைக்கும் ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. ஒரு கம்பியில்லாக் கருவியின் சிந்தனையும் அதன் கடைசிப் பொருத்து வேலையும் ஒரு மணிநேரப் பயணத் தொலைவுக்குள் நடக்கும் இடங்கள் இந்தியாவில் அதிகம் இல்லை. ஆனால் இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே வர வேண்டிய பொருள் ஒன்று இங்கே உருவாவதில்லை. அலையை அனுப்பிப் பெறும் நுண்ணலை ஒருங்கிணைந்த சுற்று, அதாவது மைக்ரோவேவ் சில்லு, அன்றும் வெளிநாட்டிலிருந்து வந்தது. இன்றும் அப்படியே வருகிறது. அந்த இடைவெளி எப்படி ஏற்பட்டது, அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதே இந்த வரலாற்றின் மையம்.

நுண்ணலையும் சுற்றும்

வானொலி அலைகளில் மிகக் குறுகிய நீளம் கொண்டவற்றை நுண்ணலைகள் என்கிறோம். பொதுவாக 1 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகள் இந்தப் பெயரைப் பெறுகின்றன. 1.9 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர். 28 கிகாஹெர்ட்ஸுக்கு அது 1 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். அலைநீளம் மில்லிமீட்டர் கணக்குக்கு இறங்கும்போது அதை மில்லிமீட்டர் அலை என்று தனியாகக் குறிப்பிடுவது வழக்கம்.

இந்த அலைகளுக்கு இந்தியாவில் பழைய உறவு உண்டு. கல்கத்தாவின் பிரெசிடென்சி கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ் 1890களில் 5 மில்லிமீட்டர் நீளம் வரையிலான அலைகளை உருவாக்கி ஆராய்ந்தார். இன்றைய கணக்கில் அது 60 கிகாஹெர்ட்ஸ். கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகத்தை அலை உணரியாகப் பயன்படுத்தியதற்கு 1904இல் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. குறைகடத்தி ஒன்றைக் கொண்டு அலையை உணர்ந்ததில் அது மிக முந்தைய முயற்சி. தொடர்ந்து வந்த அரை நூற்றாண்டில் உலகம் நீண்ட அலைகளின் பக்கம் போய்விட்டதால் அந்தத் தொடக்கத்துக்கு இங்கே தொடர்ச்சி அமையவில்லை.

சாதாரண மின்சுற்றில் கம்பி என்பது வெறும் இணைப்பு. நுண்ணலையில் அப்படி இல்லை. கம்பியின் நீளம் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்கதாகும்போது கம்பியே சுற்றின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. அதன் அகலம், வளைவு, அடியில் உள்ள பொருள் எல்லாமே அலையைப் பாதிக்கும். அதனால்தான் தொடக்க கால நுண்ணலைக் கருவிகள் உள்ளீடற்ற உலோகக் குழாய்களால் ஆனவையாக இருந்தன. 1952இல் அமெரிக்காவின் ஐ.டி.டி. ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிரீக், எங்கல்மன் இருவரும் மைக்ரோஸ்ட்ரிப் என்ற பட்டைக் கடத்தியை அறிவித்தார்கள். மின்கடத்தாத் தகட்டின் மேல் ஒரு மெல்லிய உலோகப் பட்டை, அடியில் ஒரு உலோகத் தளம். அவ்வளவுதான் அதன் அமைப்பு. குழாய் வேலை அச்சு வேலையாக மாறியது. இந்தப் பட்டைகளின் கணிதத்தில் இந்தியர்களின் பங்கு பெரியது. கான்பூர் ஐ.ஐ.டி.யோடு தொடர்புடைய கே. சி. குப்தா, ரமேஷ் கர்க், ஐ. ஜே. பால் மூவரும் 1979இல் வெளியிட்ட மைக்ரோஸ்ட்ரிப் பற்றிய நூலும், டெல்லி ஐ.ஐ.டி.யின் பாரதி பட், சிபன் கௌல் இருவரும் 1989இல் எழுதிய நூலும் உலகெங்கும் பாடநூல்களாகப் புழங்கின. அந்தப் பாடத்தைச் சில்லாக மாற்றும் ஆலைதான் நாட்டில் இல்லை.

முதலில் வந்தவை கலப்புச் சுற்றுகள். அலுமினாத் தகட்டில் பட்டைகளை அச்சிட்டு, டிரான்சிஸ்டர்களைத் தனியே ஒட்டி, தங்க இழையால் இணைப்பார்கள். சுற்று சரியாக வேலை செய்யாவிட்டால் நுண்ணோக்கியின் அடியில் வைத்து, சிறு தங்கத் துணுக்குகளைப் பட்டையோரத்தில் ஒட்டிச் சரிப்படுத்துவார்கள். வீணைக்குச் சுருதி சேர்ப்பது போன்ற வேலை அது. 1976இல் இங்கிலாந்தின் பிளெஸ்ஸி நிறுவனத்தில் ரே பெங்கெலியும் ஜேம்ஸ் டர்னரும் பட்டை, டிரான்சிஸ்டர் எல்லாவற்றையும் காலியம் ஆர்சனைடு என்ற ஒரே படிகத்தில் உருவாக்கிய பெருக்கி ஒன்றை அறிவித்தார்கள். ஒற்றைப்படிக நுண்ணலைச் சுற்றின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது. காலியம் ஆர்சனைடில் எலக்ட்ரான்கள் சிலிக்கானைவிட ஐந்தாறு மடங்கு எளிதாக நகரும். படிகமும் மின்சாரத்தை எளிதில் கடத்தாததால் அலை அதில் வீணாவது குறைவு. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பெருந்தொகை செலவிட்டு இந்தத் தொழிலை வளர்த்தது. ராடாருக்காக அமைக்கப்பட்ட ஆலைகளின் அனுபவம் 1990களில் கைப்பேசியின் திறன் பெருக்கிகளுக்குப் பயன்பட்டது.

ஒற்றைப்படிகச் சுற்றில் ஒரு சிக்கல் உண்டு. செய்து முடித்த பிறகு தங்கத் துணுக்கு ஒட்டித் திருத்த முடியாது. எனவே வடிவமைப்பவர் தன் டிரான்சிஸ்டர் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை முன்கூட்டியே துல்லியமாக அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவு ஆலையிடம்தான் இருக்கும். ஒரு முறை செய்து பார்க்கப் பல மாதங்களும் பெரும் பணமும் பிடிக்கும். ஆலை பக்கத்தில் இருந்தால் தவறுகளிலிருந்து கற்றுக்கொள்ளலாம். தொலைவில் இருந்தால் அவர்கள் தரும் அளவுகளை நம்பி வேலை செய்ய வேண்டியதுதான். இந்தியாவில் இது ஏன் இத்தனை பெரிய குறையாக உணரப்பட்டது என்பதற்கு அடுத்து வரும் கோர்டெக்ட் கதை நல்ல சான்று.

கோர்டெக்ட்

1994ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை ஒரு கசப்பான எண்ணோடு தொடங்கியது. இந்தியாவில் நூறு பேருக்கு 0.8 தொலைபேசி, உலகச் சராசரி 10. கிராமங்களில் நிலைமை இன்னும் மோசம். புதிதாக ஒரு தொலைபேசி இணைப்பை நிறுவ அரசுக்கு அப்போது சுமார் 40,000 ரூபாய் செலவானது. அதில் பெரும் பகுதி, இணைப்பகத்திலிருந்து வீடு வரை மண்ணுக்குள் புதைக்கும் செம்புக் கம்பிக்கே போனது. இந்தச் செலவை 10,000 ரூபாய்க்குக் கொண்டுவந்தால் மட்டுமே சாதாரணக் குடும்பங்களுக்குத் தொலைபேசி எட்டும் என்று சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா தொடர்ந்து வாதிட்டார். அவரோடு பாஸ்கர் ராமமூர்த்தி, திமோத்தி கொன்சால்வஸ் முதலியோர் சேர்ந்து டெனெட் என்ற குழுவை அமைத்தார்கள். அவர்களின் பழைய மாணவர்கள் தொடங்கிய மிடாஸ் நிறுவனம் கருவியைச் செய்யும் பொறுப்பை எடுத்துக்கொண்டது.

கம்பியை விலக்க வேண்டுமானால் காற்றில் அனுப்ப வேண்டும். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது ஐரோப்பாவின் டெக்ட் என்னும் தர நெறி. வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் சில நூறு மீட்டர் தொலைவில் கம்பியில்லாத் தொலைபேசியைப் பயன்படுத்த உருவான நெறி அது. 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 20 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை 10 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10 மில்லிவினாடிக்கு 24 காலத் துண்டுகளை வைக்கிறது. போக ஒரு துண்டு, வர ஒரு துண்டு என்று கணக்கிட்டால் 120 பேச்சு வழிகள் கிடைக்கும். எந்த வழி காலியாக இருக்கிறதோ அதைக் கருவியே தேடி எடுத்துக்கொள்ளும். கோபுரங்களுக்கு இடையே அலைகளைத் திட்டமிட்டுப் பங்கிடத் தனி வல்லுநர்கள் தேவையில்லை. சிறு நகரத்தில் தொழில் தொடங்கும் ஒருவருக்கு இது பெரிய வசதி.

சென்னைக் குழு இந்த வீட்டுத் தொலைபேசியை ஊர்த் தொலைபேசியாக மாற்றியது. வீட்டின் சுவரில் மாட்டும் பெட்டி ஒன்று. கூரையில் திசை பார்த்துக் கட்டிய சிறு ஆண்டெனா. எதிரே, கோபுரத்தில் ஒரு தள நிலையம். இரண்டும் ஒன்றையொன்று நேராகப் பார்த்தால் 10 கிலோமீட்டர் வரை பேச்சு போகும். நடுவில் ஓர் அஞ்சல் நிலையத்தை வைத்தால் 25 கிலோமீட்டர் வரை நீளும். பெட்டி உமிழும் உச்சத் திறன் 250 மில்லிவாட் மட்டுமே. சுமார் 1,000 வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் மைய அலகுக்குக் குளிரூட்டி தேவைப்படவில்லை. மின்வெட்டும் வெயிலும் இயல்பாக இருக்கும் ஊர்களுக்கு ஏற்ற அமைப்பு என்று இதைச் சொல்லலாம்.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் அதில் இருந்தது. அந்நாட்களில் இணையத்துக்குத் தொலைபேசியில் எண்ணைச் சுழற்றித்தான் செல்ல வேண்டும். ஒருவர் ஒரு மணிநேரம் இணையத்தில் இருந்தால் அந்த ஒரு மணிநேரமும் இணைப்பகத்தின் ஒரு வழி அடைபட்டிருக்கும். கோர்டெக்ட் என்று பெயரிடப்பட்ட இந்த அமைப்பு குரலையும் தரவையும் தொடக்கத்திலேயே பிரித்து, தரவை இணையத்துக்கே நேராக அனுப்பியது. பேசிக்கொண்டே வினாடிக்கு 35 கிலோபிட், பேச்சு இல்லாதபோது 70 கிலோபிட். இன்று சிரிப்பு வரலாம். 1990களின் இறுதியில் கிராமத்துக்கு அது போதுமான வேகம்.

இவ்வளவையும் குறைந்த விலையில் செய்ய வேண்டுமானால் சுற்றுகளைச் சில்லுக்குள் அடக்கியாக வேண்டும். நாட்டில் அதற்கு வழி இல்லை. பஞ்சாபின் மொகாலியில் அரசு அமைத்திருந்த குறைகடத்தி வளாகத்தின் ஆலை 1989இல் தீயில் எரிந்து, அதை மீட்கப் பல ஆண்டுகள் பிடித்தன. எனவே சென்னைக் குழு அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தது. அமைப்பின் வடிவமும் மென்பொருளும் சென்னையில் உருவாயின. சில்லுகள் அமெரிக்க நிறுவனத்திடமிருந்து வந்தன. அன்றைய நிலையில் அதைவிடச் சிறந்த ஏற்பாடு இருந்திருக்க முடியாது. வளரும் நாட்டின் கல்லூரி ஒன்று தொலைத்தொடர்புக் கருவி ஒன்றை முழுமையாக வடிவமைத்து, பிரேசில், மடகாஸ்கர், பிஜி, கென்யா முதலிய நாடுகள் வரை அனுப்பியது எளிய செயலும் அல்ல.

தமிழ்நாட்டில் இதன் பெரும் சோதனை மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001இல் தொடங்கியது. டெனெட் குழுவிலிருந்து பிறந்த என்-லாக் நிறுவனமும் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து கிராமங்களில் இணைய மையங்களை அமைத்தார்கள். ஒரு கணினி, ஒரு கேமரா, ஒரு கோர்டெக்ட் பெட்டி. அதை நடத்துபவர் அதே ஊர்க்காரர். வருவாய்த்துறைச் சான்றிதழுக்கு மனு அனுப்பினார்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் மகனோடு தாய் பேசினார். கண்ணில் கோளாறு உள்ளவரின் படத்தை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி, நேரில் வர வேண்டுமா என்று கேட்டார்கள். ஒரு நாள் கூலியை இழந்து பேருந்து ஏற வேண்டுமா என்ற கேள்விக்கு 16 சென்டிமீட்டர் அலை விடை சொன்னது என்றால் மிகையில்லை.

இத்தனை இருந்தும் கோர்டெக்ட் நிலைக்கவில்லை. 2003ஆம் ஆண்டு இந்தியத் தொலைபேசித் துறையைத் தலைகீழாக்கியது. கைப்பேசிக்கு உள்வரும் அழைப்புகள் இலவசமாயின. ரிலையன்ஸ் நிறுவனம் 501 ரூபாய் முன்பணத்துக்குக் கைப்பேசியைக் கையில் கொடுத்தது. சுவரில் மாட்டும் தொலைபேசிக்கு இருந்த கவர்ச்சி ஒரே மழைக்காலத்தில் கரைந்தது. கையில் எடுத்துச் செல்லும் வசதி மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்வது பாதி உண்மை. ஜி.எஸ்.எம்., சி.டி.எம்.ஏ. கைப்பேசிகளுக்கான சில்லுகள் கோடிக்கணக்கில் அச்சானதால் ஒவ்வொன்றின் விலையும் ஆண்டுதோறும் சரிந்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் அதே இடத்தில் கூடுதல் வேலை அடைக்கப்பட்டது. கோர்டெக்ட் போன்ற, ஒப்பீட்டில் குறைந்த எண்ணிக்கையில் விற்கும் அமைப்புக்காக அந்த வேகத்தில் புதிய சில்லு செய்து தர எந்த ஆலைக்கும் ஊக்கம் இருக்க முடியாது. இருபது மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையும் இணையத்தின் பசிக்குப் போதவில்லை. கிராம மையங்களும் வருமானம் இல்லாமல் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வடிவமைப்பு கையில் இருந்தது. விலையை இறக்கும் கருவி கையில் இல்லை.

பொள்ளாச்சியிலிருந்து மைமோ

கோர்டெக்ட் உருவான அதே பத்தாண்டில் இன்னொரு தமிழரின் எண்ணம் அமெரிக்காவில் சில்லாக மாறிக்கொண்டிருந்தது. ஆரோக்கியசாமி பால்ராஜ் 1944இல் பொள்ளாச்சியில் பிறந்தார். இந்தியக் கடற்படையில் சேர்ந்து, டெல்லி ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்று, 1971 போரில் குக்ரி கப்பல் மூழ்கடிக்கப்பட்ட பிறகு நாட்டின் முதல் பெரிய சோனார் அமைப்பான அப்சோவை உருவாக்கியவர். பின்னர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அனுப்பும் முனையிலும் பெறும் முனையிலும் பல ஆண்டெனாக்களை வைத்தால் ஒரே அலைக்கற்றையில் பல தரவு ஓடைகளை ஒரே நேரத்தில் அனுப்பலாம் என்ற கருத்துக்கு அவரும் தாமஸ் கைலாத்தும் 1992இல் விண்ணப்பித்து 1994இல் காப்புரிமை பெற்றார்கள். மைமோ என்று இன்று அழைக்கப்படும் முறை அது. வைஃபை, 4ஜி, 5ஜி அனைத்தும் அதன் மேல்தான் நிற்கின்றன. 2014இல் அவருக்கு மார்கோனி பரிசு வழங்கப்பட்டது.

அன்று பலர் இதை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று ஒதுக்கியதற்கு நியாயமான காரணம் உண்டு. நான்கு ஆண்டெனா என்றால் நான்கு பெருக்கி, நான்கு கலப்பி, நான்கு வடிகட்டி வேண்டும். தனித்தனி உறுப்புகளால் செய்தால் கருவியின் விலையும் நான்கு மடங்காகும். நுண்ணலைச் சுற்று முழுவதையும் ஒரு சில்லுக்குள் கொண்டுவர முடிந்த பிறகே மைமோ சட்டைப்பைக்கு வந்தது. அவர் 1998இல் தொடங்கிய நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை 2003இல் இன்டெல் வாங்கியது. கணிதம் பொள்ளாச்சிக்காரருடையது, ஆலைகள் வேறு நாட்டினுடையவை.

கைப்பேசிச் சாலை

2006இல் நோக்கியா திருப்பெரும்புதூரில் கைப்பேசித் தொழிற்சாலையைத் திறந்தது. சிறிது காலத்தில் அது உலகின் மிகப் பெரிய கைப்பேசி ஆலைகளில் ஒன்றானது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் நிறுவனப் பேருந்துகளில் வேலைக்குப் போனார்கள். பல குடும்பங்களில் முதல் மாதச் சம்பளம் அதுதான். வரித் தகராறும் நிறுவனத்தின் கைமாற்றமும் சேர்ந்து 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. கைப்பேசிக் கோபுரக் கருவிகளுக்காக 2008இல் தொடங்கப்பட்ட ஒரகடம் ஆலை தொடர்ந்தது. 5ஜி வானொலி அலகுகளும் பின்னர் அங்கேயே உருவாயின. சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கடவின் நீண்ட நெரிசலில் நின்ற லாரிகளில் இத்தகைய பெட்டிகளும் இருந்திருக்கும்.

இந்த ஆலைகளில் நடப்பது பொருத்து வேலையும் சோதனையும். அச்சிட்ட மின்சுற்றுப் பலகையில் இயந்திரம் சில்லுகளை வைக்கிறது. உலையில் ஈயப்பற்று உருகி ஒட்டுகிறது. பெட்டி சோதிக்கப்பட்டு வெளியேறுகிறது. இதைச் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. வானொலி அலகு ஒன்றைச் சரியாகச் சோதிக்கவே நல்ல பயிற்சி வேண்டும். இருந்தாலும் பெட்டியின் மதிப்பில் பெரும் பங்கு சில்லுகளில் இருக்கிறது. அந்தப் பங்கு விமானத்தில் வந்து இறங்கும்போதே வேறு நாட்டில் சம்பாதிக்கப்பட்டுவிட்டது. நோக்கியா ஆலை மூடப்பட்டபோது அந்தப் பெண்கள் வேலையை இழந்தார்கள். வட்டாரத்தில் தங்கி வேறு நிறுவனத்துக்குப் பயன்படும் சில்லுத் தொழில் எதுவும் வேரூன்றியிருக்கவில்லை.

மீண்டும் கிண்டி: 5ஜி சோதனைக்களம்

2018 மார்ச்சில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 224 கோடி ரூபாயில் உள்நாட்டு 5ஜி சோதனைக்களம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் டெல்லி, மும்பை, கான்பூர், ஐதராபாத் ஐ.ஐ.டி.கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், சமீர், செவிட் ஆகியவை சேர்ந்தன. செவிட் தரமணியில் உள்ள ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்காவில் இயங்குகிறது. மின்காந்த ஆய்வுக்கான சமீரின் சென்னை மையமும் தரமணியில்தான் உள்ளது. 2022 மே 17 அன்று சோதனைக்களம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து, உள்நாட்டில் வடிவமைத்த அந்த வலையமைப்பில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலிருந்து முதல் அழைப்பு போனது.

இந்தத் திட்டத்தோடு சேர்ந்து வளர்ந்த ஒரு கருத்து கோர்டெக்டின் பழைய கேள்வியை மறுபடி எழுப்பியது. இந்தியக் கிராமங்கள் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. ஊராட்சித் தலைமையிடத்தில் மட்டும் கோபுரம் வைத்து எல்லாக் கிராமங்களுக்கும் அலையை எட்டச் செய்ய முடியுமா? 5ஜி-ஐ என்று பெயர் பெற்ற இந்தியத் தர நெறி, கோபுரங்களுக்கு இடையே 6 கிலோமீட்டர் இடைவெளி உள்ள நிலைமையைக் கணக்கில் எடுத்தது. அதன் தந்திரம் நுண்ணலைப் பெருக்கியைப் பற்றியது. வழக்கமான 5ஜி குறிகையின் உயரம் மிகவும் ஏறி இறங்கும். உச்சத்தில் சிதையாமல் இருக்க, பெருக்கியை அதன் முழுத் திறனுக்கு மிகக் கீழே இயக்க வேண்டியிருக்கிறது. உயரம் அதிகம் மாறாத குறிகை வடிவைப் பயன்படுத்தினால் அதே பெருக்கியிலிருந்து கூடுதல் திறனை எடுக்கலாம். மரக்காலில் ஒரு பகுதியை மட்டும் அளந்துகொண்டிருந்தவர் முழுவதையும் பயன்படுத்தத் தொடங்கியது போல. 2021இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இந்த நெறியை ஏற்றது. அந்த ஆண்டின் இறுதியிலேயே அது உலகப் பொது நெறியோடு இணைக்கப்பட்டது. வேறு சில்லு செய்ய இயலாத நிலையில், இருக்கும் சில்லை முழுமையாகப் பயன்படுத்தும் வழியைக் கண்டது நல்ல பொறியியல். தனியாக நின்றிருந்தால் அதற்கென்று யாரும் சில்லு அச்சிட்டிருக்க மாட்டார்கள் என்பதால் இணைப்பும் சரியான முடிவே. அந்தப் பாடத்தைக் கோர்டெக்ட் ஏற்கெனவே கற்பித்திருந்தது.

இதற்கிடையில் எண்முறைச் சில்லுகளில் சென்னை ஐ.ஐ.டி. ஓரடி முன்னே சென்றது. சக்தி என்ற செயலித் திட்டத்தின் சில்லு ஒன்று 2018இல் அமெரிக்காவில் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையிலும், மற்றொன்று மொகாலியின் 180 நானோமீட்டர் ஆலையிலும் உருவானது. வானொலிச் சுற்றுகளைக் கற்பிப்பதிலும் குறை சொல்ல முடியாது. நாகேந்திர கிருஷ்ணபுரா, சாந்தி பவன், அனிருத்தன் ஆகியோரின் பாடங்கள் என்.பி.டெல். தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. காட்டாங்கொளத்தூரிலோ பொத்தேரியிலோ படிக்கும் மாணவர் அவற்றைப் பார்த்துப் பெருக்கி வடிவமைக்கக் கற்றுக்கொள்ளலாம். கற்றதைச் செய்து பார்க்க வேண்டுமென்றால் தைவானுக்கோ ஐரோப்பாவுக்கோ கோப்பை அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மில்லிமீட்டர் அலையும் காலியம் நைட்ரைடும்

2022 அலைக்கற்றை ஏலத்தில் 26 கிகாஹெர்ட்ஸ் பட்டையும் விற்கப்பட்டது. இந்த அதிர்வெண்களில் அகலமான பாதை கிடைக்கும், தூரம் கிடைக்காது. ஒரே வகை ஆண்டெனாவைக் கொண்டு அளந்தால் 1.9 கிகாஹெர்ட்ஸைவிட 28 கிகாஹெர்ட்ஸில் பெறப்படும் திறன் சுமார் 200இல் ஒரு பங்கு. சுவரும் மரமும் மழையும் மேலும் குறைக்கும். இழப்பை ஈடுகட்ட, டஜன்கணக்கான சிற்றாண்டெனாக்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் அலையைச் சற்றே முன்பின் தள்ளிக் கொடுத்து, கற்றையாகக் குவித்து ஒரே திசையில் செலுத்துகிறார்கள். ஆண்டெனாக்களின் இடைவெளி அரை அலைநீளம், அதாவது 5 மில்லிமீட்டர் அளவு. அந்த இடத்துக்குள் பெருக்கியும் கட்டமாற்றியும் அடங்க வேண்டும். கம்பி இழுத்து இணைக்க இடமே இல்லை. ஒருங்கிணைந்த சுற்று தவிர வேறு வழி கிடையாது. 2017இல் ஐ.பி.எம்., எரிக்சன் நிறுவனங்கள் நான்கு சில்லுகளும் 64 ஆண்டெனாக்களும் கொண்ட, உள்ளங்கையளவுத் தொகுதி ஒன்றை அறிவித்து இது சாத்தியம் என்று காட்டின.

தள நிலையங்களின் திறன் பெருக்கியில் இப்போது முன்னணியில் இருப்பது காலியம் நைட்ரைடு. சிலிக்கான் தாங்கும் மின்புலத்தைப்போல் சுமார் பத்து மடங்கைத் தாங்குவதால் சிறிய சில்லிலிருந்து பெருந்திறனை எடுக்கலாம். அதைச் சிலிக்கான் கார்பைடு படிகத்தின் மேல் வளர்த்தால் வெப்பமும் எளிதில் வெளியேறும். ஐம்பது பாகை வெயிலில் கோபுர உச்சியில் காயும் பெட்டிக்கு இது சாதாரணச் செய்தி இல்லை.

இந்தியாவில் காலியம் ஆர்சனைடு சில்லுகளுக்கான ஆலையைப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் ஐதராபாத்தில் கேட்டெக் என்ற பெயரில் அமைத்தது. ராடார், விண்வெளித் தேவைகளுக்குச் சிறிய எண்ணிக்கையில் செய்து தரும் ஆலை அது. 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பிந்தைய தடைகளின் காலத்தில், கையில் ஓர் ஆலை இருப்பதன் அருமை ராணுவத் துறைக்கு நன்கு விளங்கியிருக்கும். டெல்லியின் திடநிலை இயற்பியல் ஆய்வகம் 4 அங்குலச் சிலிக்கான் கார்பைடு வில்லைகளையும், 150 வாட் வரையிலான காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்களையும், 40 வாட் வரையிலான ஒற்றைப்படிகச் சுற்றுகளையும் உள்நாட்டிலேயே உருவாக்கும் முறையைக் கண்டுவிட்டதாக 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. கேட்டெக்கில் அவற்றின் உற்பத்தியும் சிறு அளவில் தொடங்கியிருக்கிறது.

40 வாட் என்பது தள நிலையப் பெருக்கிக்குப் போதுமான எண். ஆனால் ராடாருக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் சில்லுகள் போதும். 64 வழிகள் கொண்ட ஒரே ஒரு 5ஜி ஆண்டெனாப் பெட்டிக்கு 64 பெருக்கிகள் வேண்டும். ஒரகடத்தில் அத்தகைய பெட்டிகள் நாள்தோறும் தயாராகின்றன. ஐதராபாத் ஆலை ராணுவத்துக்கானது. விலைப் போட்டியில் கைப்பேசித் துறைக்கு விற்பதற்காகக் கட்டப்பட்டதல்ல. ஐதராபாத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஓரிரவு ரயில் பயணம்தான். அந்த வழியில் இன்னும் ஒரு சில்லுகூடக் கைப்பேசிக் கோபுரத்துக்காக வந்து சேரவில்லை.